தையற்கார மாஸ்டர் பதில்கள்

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், என் உயரத்தையும் எடையையும் கைப்பேசியில் கொடுத்து என்னைப் போலவே ஒரு பொம்மை உருவத்தைச் செய்து காட்டினார். பார்த்ததும் அதிர்ந்துவிட்டேன். அவ்வளவு பருமனாகவா இருக்கிறேன்? அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். பொய் சொல்வது கைப்பேசியா, என் கண்ணா?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: மகள், முதலில் இன்றிரவு சாப்பிடுங்கள்.

ஹட்டனில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தையற்கடை வைத்திருந்தேன். உயரமும் எடையும் மட்டும் எழுதிய துண்டுச்சீட்டோடு துணி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரே உயரம், ஒரே எடை உள்ள அக்கா தங்கைக்குக்கூட ஒரே ரவிக்கை பொருந்தாது. கொழுந்து எடுக்கும் அக்காவுக்குத் தோளும் மேற்கையும் திரண்டிருக்கும். கைக்குழியை அரை அங்குலம் தளர்த்தாவிட்டால் முதல் வாரமே தையல் விட்டுவிடும். கடையில் வேலை செய்யும் தங்கைக்கு அதே ரவிக்கை தொளதொளக்கும். இரண்டே எண்களை வாங்கிக்கொண்ட கைப்பேசி, மிச்சத்தையெல்லாம் சராசரியால் நிரப்புகிறது. யாருடைய சராசரி? இத்தகைய உருவங்களுக்காக ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஒரு தொகுப்பில் இருப்பவை வட அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் அளந்த உடல்கள். தலவாக்கலைக்கு அதில் ஏது இடம்?

இனி உங்கள் கண். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்துபோகும் நோய் கொண்ட 24 பெண்களையும் அந்நோய் இல்லாத 24 பெண்களையும் ஸ்கேன் செய்து, அவரவர் உருவத்தையே ஆளுயரத்தில், 20 சதவீதம் எடை குறைத்தது முதல் 20 சதவீதம் கூட்டியது வரை காட்டினார்கள். முடிவு 2018இல் வெளியானது. நோயாளிகள் தங்களைக் குண்டாகக் காண்கிறார்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. மற்றப் பெண்களைப் போலவே தம் அளவை அடையாளம் கண்டார்கள். தவறினாலும் சற்று மெலிந்ததைத்தான் தமது என்றார்கள். "எப்படி இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அவர்கள் காட்டியது மற்றவர்கள் விரும்பியதைவிட மிக மெலிந்த உடலை.

கடையில் நான் கண்டதும் இதுதான். நாடா இடுப்பு 34 என்று காட்டும். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். "மாஸ்டர், கொப்பியில் 32 என்றே எழுதுங்கள், தீபாவளிக்குள் இறங்கிவிடும்" என்பார். 32 என்று எழுதிவிட்டு 34க்கே வெட்டுவேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பொம்மைக்கு முன் கைப்பேசியில் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஒல்லி உருவங்களையே சில நிமிடம் பார்த்தால், அடுத்து வரும் சாதாரண உடலும் பருமனாகத் தோன்றும். எடையைப் பற்றி உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரி கிளினிக்கில் கேளுங்கள். தலை சுற்றினாலோ மாதவிலக்குத் தப்பினாலோ உடனே போங்கள்.

கேள்வி: மாஸ்டர், இன்னும் தைக்கிறீர்களா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: ஊசியில் நூல் கோக்கப் பேத்தி வேண்டும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டரை ஆகிவிடுகிறது.