புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்

கேள்வி: என் மூன்று வயது மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மருத்துவமனைச் சுருக்க அறிக்கையில் ‘கியூ 90.9’ என்று இருக்கிறது. குரோமோசோம் பரிசோதனைத் தாளிலோ ‘46, எக்ஸ்எக்ஸ், டெர்(14;21), +21’ என்று இருக்கிறது. 46 என்றால் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது? இரண்டில் எது தவறு?

பதில்: இரண்டுமே தவறில்லை. ஆனால் முதல் தாள் பாதியில் நின்றுவிட்டது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு 21ஆம் குரோமோசோம் தனித்தனியாக மூன்று இருக்கும். ஆகவே மொத்தம் 47 வரும். உங்கள் மகளுக்கு அந்த மூன்றாவது 21, தனியே நிற்காமல் 14ஆம் குரோமோசோம் ஒன்றுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருப்பதை ஒன்றாகவே எண்ணுவதால் 46 என வருகிறதே தவிர, 21க்கு உரிய மரபுப்பொருள் மூன்று பங்கு இருப்பதில் மாற்றமில்லை. இது டிரான்ஸ்லொகேஷன் வகை. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு அமைவது. நோய்களுக்குக் குறியீடு தரும் உலகளாவிய பட்டியலான ஐசிடி-10இல் இதற்குரிய குறியீடு கியூ 90.2.

கியூ 90.9 என்பதற்கு ‘வகை குறிப்பிடப்படவில்லை’ என்பதே பொருள். குழந்தை பிறந்த சில நாட்களில், பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அறிக்கை எழுதப்பட்டிருந்தால் அப்போது அதுதான் சரியான குறியீடு. முடிவு வந்த பிறகும் அது அப்படியே தொடர்வதுதான் குறை. குறியீடு இடுபவர் ஆய்வகத் தாளைத் தாமே படித்து முடிவுகட்டுவது முறையல்ல. மருத்துவர் எழுதும் நோயறிதலைத்தான் அவர் பின்பற்ற வேண்டும். எனவே அடுத்த முறை செல்லும்போது இரண்டு தாள்களையும் எடுத்துச் சென்று, நோயறிதல் பகுதியில் ‘டிரான்ஸ்லொகேஷன் வகை’ என்று எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இதனால் குழந்தைக்கான கவனிப்பு மாறாது. இதயம், தைராய்டு, காது, கண் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் எல்லா வகையினருக்கும் ஒன்றே. மாறுவது குடும்பத்துக்கான ஆலோசனை. இந்த ஒட்டுதல் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாக நேர்வதுதான் என்றாலும், சில குடும்பங்களில் தாயோ தந்தையோ அதைச் சுமந்திருப்பார்கள். ஒட்டியிருப்பதை ஒன்றாக எண்ணுவதால் அவர்களுக்கு 45 குரோமோசோம்கள் இருக்கும்; ஆனாலும் மரபுப்பொருளின் அளவு சரியாகவே இருப்பதால் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பார்கள். சுமப்பவர் தாயானால் அடுத்த குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு. தந்தையானால் அதைவிட மிகக் குறைவு. ஆகவே நீங்கள் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் சுமப்பவர் எனத் தெரிந்தால் அவருக்குக் கியூ 95.0 என்ற குறியீடு இடப்படும். அதன் தலைப்பிலேயே ‘இயல்பான நபர்’ என்ற சொல் உண்டு; அது நோய்ப்பட்டம் அல்ல, யாருடைய குற்றமும் அல்ல.

கேள்வி: குறியீட்டுப் பயிற்சி பெற்று வருகிறேன். மருத்துவர் ‘டிரைசோமி 21’ என்று மட்டும் எழுதியிருந்தால் கியூ 90.0 இடலாமா? பெரும்பாலோர் அந்த வகைதானே?

பதில்: இடக்கூடாது. நூற்றுக்கு 95 பேர் என்பது மக்கள்தொகையைப் பற்றிய செய்தி. உங்கள் மேசையில் இருக்கும் கோப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டிரைசோமி 21 என்றால் 21ஆம் குரோமோசோமின் மரபுப்பொருள் மூன்று பங்கு இருப்பது; மூன்று வகையுமே அதுதான். எல்லா உயிரணுக்களிலும் தனி 21 ஒன்று கூடுதலாக இருப்பது 90.0, சில உயிரணுக்களில் 47, மற்றவற்றில் 46 எனக் கலந்திருக்கும் மொசைக் வகை 90.1, ஒட்டிக்கொண்டது 90.2. எது என்று எழுதப்படாதவரை 90.9தான். ஆயினும் அதை இட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள். கோப்பில் குரோமோசோம் அறிக்கை இருந்தால் மருத்துவருக்கு ஒரு வினாக் குறிப்பு அனுப்புங்கள்.

இதய ஓட்டை, தைராய்டுக் குறைபாடு போன்றவை கண்டறியப்பட்டிருந்தால் அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் சேர வேண்டும். அவை இந்தக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுபவை என்பதற்காக நீங்களாகச் சேர்த்துவிடக் கூடாது. அறிவுத்திறன் குறைபாட்டின் அளவைக் காட்டும் எஃப் 70 முதல் எஃப் 79 வரையிலான குறியீடுகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு வயதுக் குழந்தையின் கோப்பில் ‘கடுமையானது’ என்று அனுமானமாக ஏறிவிட்ட ஒரு குறியீடு, அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்லும்போதும் அதன் பின்னாலேயே வரும்.

கேள்வி: என் தம்பிக்கு வயது நாற்பது. அவருடைய பழைய கோப்பில் 758.0 என்று மட்டும் இருக்கிறது. நான் இப்போது கருத்தரிக்கத் திட்டமிட்டிருப்பதால் அவருடைய வகையை அறிய விரும்புகிறேன்.

பதில்: அது ஐசிடி-10க்கு முந்தைய பதிப்பான ஐசிடி-9 காலத்துக் குறியீடு, எல்லா வகைகளுக்கும் அந்த ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து வகையைச் சொல்ல முடியாது. பழைய குரோமோசோம் அறிக்கை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தம்பிக்கு இப்போதே அந்தப் பரிசோதனையைச் செய்யலாம். ஒட்டுதல் இருக்கிறதா என்பதை நாற்பது வயதிலும் அது காட்டிவிடும். அவர் அருகில் இல்லையென்றால், உங்கள் இரத்தத்தைப் பரிசோதித்தாலே நீங்கள் சுமப்பவரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.