பைபோலார் உள்ள தம்பிக்குக் கிறிஸ்தவ ஆலோசனை உதவுமா?

கேட்டவர் சொன்னது: 24 வயதுத் தம்பிக்கு பைபோலார் (மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறிய உற்சாகத்திலும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்விலும் போகும் நோய்) என்று சொல்லி டாக்டர் லித்தியம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவோ, "மாத்திரையை விட்டுவிட்டு ஒரு கிறிஸ்தவ ஆலோசகரிடம் கூட்டிப்போ" என்கிறார். போகலாமா?

போகலாம். ஆனால் மாத்திரையை விடாமல் போக வேண்டும். எனக்கும் இதே நோய்தான், 12 வருடமாக. விசுவாசத்தின் பேரில் எனக்குக் கிடைத்த ஒரு ஆலோசனை உயிரைப் பறிக்கப் பார்த்தது, இன்னொன்று உயிரோடு வைத்திருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதல் முறை நோய் வந்தபோது அது நோய் மாதிரியே இல்லை. எனக்கு அப்போது 27 வயது, திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊரில் இருந்தோம். இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குவேன், ஆனாலும் களைப்பே வராது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சத்தமாக ஜெபிப்பேன். வேத வசனங்கள் எல்லாம் எனக்காகவே எழுதப்பட்டவை போலத் தோன்றும். சபையில் "அபிஷேகம் இறங்கியிருக்கிறது" என்று சொல்லி என்னைச் சாட்சி சொல்ல மேடையேற்றினார்கள். கழுத்துச் செயினைக் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். கணவருக்குத் தெரியாமல் கடன் வாங்கி ஊழியத்துக்குக் கொடுத்தேன். இதை மேனியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். பக்தியுள்ள வீட்டில் அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம், ஏனென்றால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஆசீர்வாதம் மாதிரித்தான் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து எல்லாம் தலைகீழானது. குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அப்போது சொன்னார்கள்: "மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது, அறிக்கை செய்." செய்தேன். மறுநாளும் அதையே செய்தேன். மாற்கு 3:29-ல் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பு இல்லை என்று வருகிறதே, நான் அதைச் செய்துவிட்டேன் என்றே நம்பினேன். மனச்சோர்வில் குற்ற உணர்ச்சி நோயின் அறிகுறியாகவே வரும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. சோர்ந்து கிடக்கிறவரைத் திரும்பத் திரும்பப் பாவ அறிக்கை செய்யச் சொன்னால், நோய்க்குத் தீனி போட்ட மாதிரிதான்.

அப்புறம் டாக்டரைப் பார்த்தோம், லித்தியம் தொடங்கினார்கள், ஆறு மாதம் நன்றாகவே இருந்தேன். அந்த நேரத்தில்தான் ஒரு ஆலோசகர், "மூன்று நாள் எஸ்தர் உபவாசம் இரு, நிரந்தர விடுதலை கிடைக்கும்" என்றார். அன்னமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது மே மாதம். மாத்திரையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிக்கொண்டேன், அதை விடக்கூடாது என்று கணவர் பிடிவாதமாக இருந்தார். இரண்டாம் நாள் மாலை கை நடுங்கத் தொடங்கியது. வாந்தி எடுத்தேன். நடந்தால் தள்ளாடியது, நாக்கு குழறியது. சுற்றி நின்றவர்கள் ஆவி வெளியேறுகிறது என்று இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். கணவர்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ரத்தத்தில் லித்தியம் அளவு 2-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமாக 0.6-லிருந்து 1-க்குள் வைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான்: உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு ஏறி விஷமாகிவிடும். தம்பிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாந்தி பேதி வந்தாலும், வெயிலில் நீர் வற்றினாலும் இதே ஆபத்துதான். சில வலி மாத்திரைகளும் அளவை ஏற்றும், அதனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். முழு இரவு ஜெபமும் இதே மாதிரிதான். தூக்கம் கெடுவது மேனியாவைக் கிளப்பிவிடும் முக்கியமான காரணங்களில் ஒன்று. நம் சபைகளில் எந்தக் கஷ்டத்துக்கும் முதலில் சொல்வது உபவாசமும் இரவு ஜெபமும்தான். பைபோலார் உள்ளவருக்கு இந்த இரண்டும்தான் ஆகாது. சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஆகாது.

இனி நல்ல ஆலோசனை. ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், ஆலோசனை ஊழியத்தில் முறையாகப் பயிற்சி எடுத்தவர். நான் அழுதுகொண்டே பாவப் பட்டியலை ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குத? மாத்திரை ஒழுங்கா போடுதியா?" எந்த ஆலோசகரைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்விகள் வருகின்றனவா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் தம்பியை அங்கே விடாதீர்கள்.

டீச்சர் என் பழைய பாவங்களை ஒரே ஒரு முறை முழுதாகக் கேட்டார், மன்னிப்பின் வசனத்தை வாசித்து ஜெபித்தார். அடுத்த வாரம் அதையே ஆரம்பித்தபோது, "அதைச் சொல்லி முடிச்சாச்சும்மா" என்று நிறுத்திவிட்டார். 88-ஆம் சங்கீதத்தை என்னோடு வாசித்தார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபமும் வேதத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்றுதான், பல மாதங்களுக்குப் பிறகு, நான் உண்மையாக ஜெபித்தேன்.

டாக்டரால் செய்ய முடியாத ஒரு வேலையும் இருந்தது. மேனியாவில் நான் வாங்கிய கடன், மாமியாரைச் சொன்ன வார்த்தைகள், இவையெல்லாம் பாவமா, நோயா? இனி திருவிருந்தில் கை நீட்டலாமா? பத்து நிமிடம் பார்க்கும் டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பது? டீச்சர் இதோடு பல வாரம் உட்கார்ந்தார். நோயினால் நடந்தது என்பதை ஒத்துக்கொண்டே, பட்ட கடனை மாதாமாதம் அடைக்கவும், மாமியாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவும் துணை நின்றார். என் சம்மதத்தோடு டாக்டரிடமும் பேசினார். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் கணவர் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று மூன்று பேரும் எழுதி வைத்தோம். அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்தின் பின் அட்டையில்தான் இருக்கிறது.

சரி, இனி உங்கள் அம்மா விஷயம். அவரிடம் சண்டை போடாதீர்கள், அவருடைய மொழியிலேயே பேசுங்கள். "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியது" என்று இயேசுவே சொன்னார். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தேவதூதன் கொண்டு வந்தது அடையும் தண்ணீரும். தின்று குடித்துத் திரும்பவும் தூங்கினான். லண்டனில் பேர்பெற்ற போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கித்த கூட்டத்தில் 1856-ல் யாரோ பொய்யாக "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் செத்துப் போனார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போனது, அதைப் பிரசங்க மேடையிலேயே பேசினார். அவருடைய விசுவாசத்தை நம் அம்மாமார் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எல்லாக் கிறிஸ்தவ ஆலோசனையும் ஒன்றில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1970 வாக்கில் ஜே ஆடம்ஸ் என்ற போதகரிடமிருந்து ஒரு போக்கு கிளம்பியது. உடலில் கோளாறு தெரியாத மனக் கஷ்டங்களுக்குப் பெரும்பாலும் பாவமே காரணம், வேதத்தைக் கொண்டு எதிர்கொண்டு திருத்தினால் போதும் என்பது அதன் அடிப்படை. அந்தச் சாயல் நம் ஊரிலும் இருக்கிறது. இன்னொரு பக்கம், மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிறார்கள். ஜெபமும் லித்தியமும் ஒரே வளாகத்தில் இருப்பதை அம்மா நேரில் பார்த்தால் பாதி வாதம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். "கிறிஸ்தவ ஆலோசகர்" என்று பலகை மாட்ட அது தேவையில்லை. அதனால் எங்கே பயிற்சி எடுத்தார், டாக்டரோடு பேசுவாரா, தம்பி சொன்னது பிரசங்கத்தில் உதாரணமாக வருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

தம்பி சாவைப் பற்றிப் பேசினாலோ, தூக்கமே இல்லாமல் அலைந்தாலோ ஆலோசகருக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

நான் இப்போதும் லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிறேன், வேறு மாதிரி. கறி மீன் கிடையாது, இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் கிடையாது. மூன்று வேளையும் சாப்பிடுவேன், தண்ணீர் குடிப்பேன், பத்து மணிக்குப் படுத்துவிடுவேன். இதை டாக்டரும் டீச்சரும் சேர்ந்துதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். உபவாசத்தைப் பற்றிய கேள்வியை அம்மாவே கேட்கட்டும்.