இந்தியன் மாஸ்டர்ஸ் கோல்ஃப் ஏன் ஒரே தடவையோடு நின்றது?

இந்தியன் மாஸ்டர்ஸ் என்பது 2008 பிப்ரவரியில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த தொழில்முறைப் போட்டி. ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடர் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல்முறை. பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். எர்னி எல்ஸ் போன்ற பெரிய தலைகள் வந்திருந்தும், கோப்பையைத் தட்டிச் சென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தாவில் கோல்ஃப் மைதானப் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். டெல்லி மைதானம் குறுகலானது, இருபுறமும் புதர். பலமாக அடிப்பவரைவிட நேராக அடிப்பவருக்கே அங்கே மரியாதை. அது அவருக்குத் தோதாக அமைந்தது.

சரி, ஏன் நின்றது? இத்தகைய போட்டிகள் டிக்கெட் காசில் ஓடுவதில்லை. தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் விளம்பரதாரர்தான் பெரும் செலவை ஏற்கிறார். கோயில் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படியை ஒரே உபயதாரர் ஏற்பதுபோல. அவர் கைவிரித்தால் அன்றைய புறப்பாடு சந்தேகம்தான். இங்கே உபயதாரர் எமார் எம்ஜிஎஃப் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம். உலகப் பொருளாதார நெருக்கடி வந்த சமயம் அது விலகிக்கொள்ள, 2009 போட்டி ரத்தானது.

பலர் இதை இந்தியன் ஓப்பனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1964-இல் தொடங்கிய வேறு போட்டி, 2016-லும் 2017-லும் சௌராசியா அதையும் வென்றார்.