ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை: விளம்பரத்தில் செலவு செய்தால் சரியாகுமா?

கேள்வி: கோவையில் நடுத்தர அளவில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்துகிறோம். ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. கிடைத்தாலும் சில மாதத்தில் போய்விடுகிறார்கள். உற்பத்தியும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராமில் செலவு செய்து 'வேலை செய்ய நல்ல நிறுவனம்' என்று பெயர் வாங்கினால் நிலைமை மாறுமா?

பதில்:

நிறுவனங்களுக்கு ஆள் சேர்ப்பு விளம்பரம் செய்து தருவதுதான் என் தொழில். அதனால் 'மாறும், செலவு செய்யுங்கள்' என்று சொல்வது எனக்கு லாபம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, அந்த இடம் விளம்பரம் இல்லை. ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உங்கள் ஆளின் நேரம் எப்படிப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். வெளியே உங்களுக்குப் பெயர் உண்டாவது அங்கேதான்.

இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் உதாரணம் ஃபோர்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையில் 1913இல் படிப்படியாக நகரும் அசெம்பிளி லைன் வந்தது, ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அவரிடம் நகர்ந்து வரும். ஒரு காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, பூட்ட சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அடுத்த வருடத்துக்குள் அது 93 நிமிடத்துக்கு வந்துவிட்டது. கணக்கில் பார்த்தால் அபாரமான முன்னேற்றம். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்ய ஆட்களால் முடியவில்லை. சுமார் 14,000 பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையை ஓட்ட, 1913 ஒரு வருடத்தில் மட்டும் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. விலகல் விகிதம் 370 சதவீதம், அதாவது இருக்கும் ஆட்களைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். போதாததற்கு தினமும் பத்தில் ஒருவர் வேலைக்கே வரவில்லை.

1914 ஜனவரி 5 அன்று நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒன்பது மணி நேர வேலை இனி எட்டு மணி நேரம். குறைந்தபட்ச நாள் கூலி 2.34 டாலரிலிருந்து 5 டாலர். செய்தி நாடு முழுக்கப் பரவி, தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். உறைபனிக் குளிரில் அந்தக் கூட்டத்தின் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்து விரட்டினார்கள். ஆள் சேர்ப்பு விளம்பரமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனாலும் அந்தக் கூட்டத்தால் ஒரு கார்கூட கூடுதலாக வந்திருக்காது. 370 சதவீதமாக இருந்த விலகல் 1914இல் 54 ஆகவும், 1915இல் 16 ஆகவும் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் நின்றார்கள், நாளும் வந்தார்கள், கை பழகியது. உற்பத்தித்திறன் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் இருந்தது, அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா, சேமிக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். பெண்களுக்கு முதலில் அது கிடையாது. வாசலில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்? தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று என்ற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை. எனக்குக் கோபம் வருவது அதன்மேல்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம் உங்களைப் போலவே என்னிடம் வந்தது. அவர்களுடைய பழைய விளம்பரத்தில் 'குடும்பம் போன்ற சூழல்' என்று போட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. விலகிப் போனவர்கள் சிலரிடம் பேசினேன். சம்பளம்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினில் இருந்த ஒரு பையன் சொன்னது வேறு: "வேலை கஷ்டமில்லைங்க. காலைல சும்மா நிக்க வெச்சுட்டு, சாயங்காலம் பஸ் போனப்புறம் வேலை வாங்குவாங்க."

ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்தபோது அவன் சொன்னது அப்படியே நடந்தது. ஷிஃப்ட் எட்டரைக்குத் தொடங்கும். டூல் இன்சர்ட் (உலோகத்தை வெட்டும் முனை) தேய்ந்திருக்கும், புதியது ஸ்டோர்ஸில் பூட்டுக்குள் இருக்கும். எடுக்க சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், அவரோ காலை மீட்டிங்கில் இருப்பார். மெஷின் நிற்கும், ஆளும் நிற்பார். அதே நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு 'இன்னைக்கு சரக்கு டிஸ்பாட்ச், யாரும் கிளம்பாதீங்க' என்று சத்தம் வரும். கம்பெனி பஸ் ஆறு மணிக்குப் போய்விடும். அதற்கப்புறம் மெயின் ரோட்டுக்கு நடந்து, டவுன் பஸ் மாறி, வீட்டுக்குப் போக ஒன்பது மணி. காலையில் வீணான நேரத்துக்கும் சம்பளம் போகிறது, மாலையில் அதே வேலைக்கு ஓவர்டைமாக இரட்டைச் சம்பளமும் போகிறது. முதலாளிக்கும் நஷ்டம், ஆளுக்கும் வெறுப்பு.

அவர்கள் செய்த மாற்றம் பெரிய செலவில்லாதது. மறுநாள் வேலைக்கான டூல் முந்தின நாள் மாலையே டிரேயில் மெஷின் பக்கத்துக்கு வந்துவிடும். கையெழுத்துப் போடும் அதிகாரம் லைன் லீடருக்கும் உண்டு. டிஸ்பாட்ச் பட்டியல் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போர்டில் எழுதப்படும். அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் நான் விளம்பரம் எழுதினேன். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், பஸ் எந்த வழியாகப் போகும், மாதக் கடைசியில் ஓவர்டைம் இருக்கும், அதை முன்கூட்டியே சொல்வோம், வெயில் காலத்தில் உள்ளே சூடு அதிகம் என்று எல்லாமே அதில் இருந்தது. சூடு பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. 1973இல் ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவினருக்கு வழக்கமான விளம்பரப் படம் காட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வேலையின் சலிப்பையும் கண்டிப்பையும் சேர்த்துக் காட்டினார்கள். உண்மையைப் பார்த்ததால் வேலையை வேண்டாம் என்றவர்கள் கூடிவிடவில்லை. சேர்ந்த பிறகு விலகும் எண்ணம் மட்டும் உண்மையைப் பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஆள் ஓடிவிடுவான் என்று பயந்து நாம் மறைக்கும் விஷயத்தை அவன் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிறான். ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் கூடச் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பெயரைப் பற்றி நீங்கள் பேசும் இடம் ஒன்று, மற்றவர்கள் பேசும் இடம் வேறு. ஐடி ஆட்கள், ஊழியர்களே நிறுவனத்தைப் பற்றி எழுதும் கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் தளங்களைப் பார்ப்பார்கள். உங்கள் லைனுக்கு வரும் ஐடிஐ, டிப்ளமோ பையன்கள் சீனியரிடம் கேட்பார்கள், பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பார்கள், ஹாஸ்டல் ரூமில் பேசுவார்கள். உள்ளே பேசியதுகூட வெளியே வந்துவிடும். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் ஊழியர்களிடம் வாரம் 90 மணி நேர வேலையைப் பற்றிப் பேசினார். நிறுவனத்துக்குள் நடந்த உரையாடல் அது. வீடியோ வெளியே வந்து நாடு முழுக்க விவாதமானது. அந்த மாதம் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு சிவில் இன்ஜினியரிங் மாணவன் முதலில் கேள்விப்பட்டது எதுவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்க உதாரணமாக மைக்ரோசாஃப்ட் ஜப்பானைச் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் எல்லா வெள்ளிக்கிழமையும் விடுமுறை விட்டார்கள். ஒரு ஊழியருக்கான விற்பனை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது என்று அறிவித்தார்கள். அது ஒரே மாதச் சோதனை, விற்பனைக் கணக்கு, அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் தொழிற்சாலையில் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: மீட்டிங்குக்கு அரை மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்து அதை அடைத்தார்கள். உங்களிடம் அந்த ஓட்டை ஸ்டோர்ஸிலோ இன்ஸ்பெக்ஷனிலோ இருக்கலாம்.

அதனால் விளம்பரச் செலவை இரண்டு மூன்று மாதம் தள்ளி வையுங்கள். கடைசியாக விலகியவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஹெச்.ஆர். பேசினால் உண்மை வராது, அவர்களோடு வேலை பார்த்த ஒருவர் பேசட்டும். மெஷின் நிற்கும் நேரத்தைக் காரணத்தோடு லைன் லீடரே எழுதி வைக்கட்டும். அதில் சரிசெய்ய முடிந்ததைச் செய்துவிட்டு, முடியாததை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். ரீல்ஸ் எடுப்பதாக இருந்தால் பண்டிகைக் கோலத்தையும் பிறந்தநாள் கேக்கையும் விட்டுவிட்டு, ஒரு ஆபரேட்டரின் ஒரு முழு ஷிஃப்ட்டை எடுங்கள்.

அப்புறம், லைக்கையும் ஃபாலோயரையும் எண்ண வேண்டாம். சேர்ந்தவர்களில் மூன்று மாதம் தாண்டி நிற்பவர்கள் எத்தனை பேர், புதிதாக வருபவர்களில் உங்கள் ஆட்களே சொல்லி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு கணக்கு போதும். இரண்டாவது எண் ஏறத் தொடங்கியதும் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள், விளம்பரத்துக்கு அப்போது செலவு செய்யலாம்.