வயருக்கு நம்பர் போட எந்த மிஷின்?

லேபிள் மிஷின் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “எந்தக் கம்பெனி நல்லது?” என்பதுதான். கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வயரின் முனை இன்னும் திறந்திருக்கிறதா, லக் (முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) அடித்து டெர்மினலில் முறுக்கியாகிவிட்டதா? லேபிள் இருக்கப்போவது டிபிக்கு (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) உள்ளேயா, மொட்டைமாடி வெயிலிலா? மாதத்துக்கு எத்தனை வயர்? இவ்வளவு தெரிந்தால் எந்த டேப் வேண்டும் என்பது தெரிந்துவிடும். டேப் முடிவானால் மிஷினும் முடிவான மாதிரிதான்.

வீட்டு வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். டிபியில் ஒவ்வொரு எம்சிபிக்கும் (தானாக இறங்கும் பாதுகாப்பு சுவிட்ச்) லேபிள் ஒட்ட ஆசை. போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன மிஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், திருச்சி

அதில் ரிப்பன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான புளூடூத் மிஷின்களில் பெரும்பாலும் ரிப்பனும் இருக்காது, மையும் இருக்காது. சூடு பட்டால் கறுக்கும் தாளில் அடிக்கிற வகை அது. ஏடிஎம் சீட்டும் இதே முறையில்தான் அச்சாகிறது. சட்டைப் பையில் நாலு மாதம் கிடந்த சீட்டைப் படிக்க முடியாமல் போவது எல்லோரும் பார்த்ததுதான். வெளிச்சம் பட்டால் எழுத்து மங்கும், சூடு பட்டால் தாளே கறுக்கும். பிளாஸ்டிக் தாள், மேல்பூச்சு உள்ள தாள் என்று விற்பவை கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும், அவ்வளவுதான். கடையில் ஒரு சாம்பிள் அடித்து வாங்கி, நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் தாள்தான். சமையலறை டப்பாவுக்கு அது தாராளம். இருபது வருஷம் சுவரில் இருக்கப்போகிற டிபிக்கு வேண்டாம்.

உங்கள் வேலைக்கு 12 மி.மீ. அகலம் வரை டேப் ஏற்கும், கேசட் போடுகிற கையடக்க மிஷின் போதும். அதில் லேமினேட் டேப் போடுங்கள். இந்த டேப்பில் எழுத்து மேலே அச்சாவதில்லை. கண்ணாடி மாதிரியான படலத்தின் அடிப்பக்கம் அச்சாகி, அதன்மேல் பசைப் படலம் வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுத்து இரண்டு படலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால் துடைத்தாலும் போகாது.

இன்னொன்று. சிங்கிள் போல் எம்சிபியின் அகலம் ஏறக்குறைய 18 மி.மீ. ஒரு பகுதி 18 மி.மீ. என்று நீளம் வைத்து, எட்டு எம்சிபிக்கும் சேர்த்து ஒரே பட்டையாக அடிக்கிற வசதி எலக்ட்ரீஷியன்களுக்கென்றே வரும் மாடல்களில் உண்டு. எட்டு துண்டை ஒவ்வொன்றாகக் கோணல்மாணலாக ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மிஷின் வாங்கும்போது இந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல கம்பெனி மிஷின்தான். டேப்பும் ஒரிஜினல். ஆனால் வயரில் சுற்றிய லேபிள் ஒரு வாரத்தில் விரிந்து இறக்கை மாதிரி நிற்கிறது. ஏன்? – வாசகர், ஓசூர்

மேலே நான் புகழ்ந்த அதே லேமினேட் டேப்பைச் சுற்றியிருப்பீர்கள். அது தட்டையான இடத்துக்கு. கனமும் விறைப்பும் அதிகம் என்பதால் மெல்லிய வயரில் வளைத்து ஒட்டினாலும் நிமிரத்தான் பார்க்கும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வயரில் சுற்றுவதற்கென்று வளையும் டேப் தனியாக வருகிறது. பிரதர் கம்பெனியில் ‘ஃப்ளெக்சிபிள் ஐடி’ என்றும், டைமோ கம்பெனியின் ரைனோ வரிசையில் ‘ஃப்ளெக்சிபிள் நைலான்’ என்றும் கேளுங்கள். சுற்றும்போது டேப்பின் முனை தன்மேலேயே குறைந்தது 5 மி.மீ. ஏறி ஒட்ட வேண்டும். பசைக்குத் தன் டேப் மேல் கிடைக்கும் பிடிப்பு, வழுவழுப்பான பிவிசி மேல் கிடைக்காது. 6 மி.மீ. விட்டமுள்ள கேபிள் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 19. ஏறி ஒட்ட 5 சேர்த்தால் 24 மி.மீ. வெட்ட வேண்டும். மிஷினில் ‘கேபிள் ராப்’ என்ற முறையில் விட்டத்தைக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிகிற மாதிரி நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துத் தரும்.

விட்டம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் வளையும் டேப்பையும் சுற்றாதீர்கள். 1.5 ஸ்கொயர் எம்எம் ஹவுஸ் வயரே இந்த எல்லையில்தான் நிற்கிறது. அங்கே கொடிக்கம்பத்துக் கொடி மாதிரி, லேபிளின் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டலாம். பேனலில் வயர் நெருக்கம் என்றால் கொடி இடிக்கும். அப்போது செல்ஃப் லேமினேட்டிங் லேபிள்தான் சரி. முன்பக்கம் வெள்ளைப் பகுதியில் நம்பர், பின்னால் நீளமான கண்ணாடி வால். வால் வயரைச் சுற்றி வந்து நம்பரையும் மூடிவிடும். பிரேடி கம்பெனி இதில் பெயர் பெற்றது. விலை உறைக்கும், சொல்லிவிட்டேன்.

ஒட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் வயரை ஒரு தடவை துடையுங்கள். புது வயர் மேல் பவுடரும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். தெர்மல் லேபிள் ஒட்டிய இடத்தை மட்டும் ஆல்கஹாலால் துடைத்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும்.

சின்னதாக பேனல் போர்டு யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு பேனலுக்கு முந்நூறு, நானூறு கண்ட்ரோல் வயர். கையடக்க மிஷினில் அடித்து மாளவில்லை. – வாசகர், கோயம்புத்தூர்

மாளாதுதான். நீங்கள் வாங்க வேண்டியது ஃபெரூல் (வயரில் செருகும் நம்பர் டியூப்) பிரிண்டர். கேனான் எம்கே வரிசையும், மேக்ஸ் கம்பெனியின் லெட்டாட்வினும் இந்த வகை. பிவிசி டியூப் ரோலை ஒரு பக்கம் செருகினால் நம்பர் அடித்து, முழுதாக வெட்டாமல் பாதி வெட்டி, சரமாகக் கொடுக்கும். வயரிங் செய்கிறவர் சரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளிச் செருகிக்கொண்டே போகலாம். டிராயிங்கிலிருந்து எடுத்த எக்செல் பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். கையால் தட்டச்சு செய்யும்போது வருகிற பிழை இங்கே இல்லை. மிஷின் விலை கையடக்க மிஷினைவிடப் பல மடங்கு. ஆனால் பசை டேப்போடு ஒப்பிட்டால் டியூப் செலவு ரொம்பக் குறைவு. உங்கள் எண்ணிக்கைக்கு யோசிக்கவே வேண்டாம்.

டியூப் அளவில்தான் கோட்டை விடுவார்கள். ஸ்கொயர் எம்எம்மைப் பார்த்து டியூப் வாங்காதீர்கள். ஒரே 1.5 வயர், கம்பெனிக்குக் கம்பெனி இன்சுலேஷன் தடிமன் மாறும். வெர்னியர் வைத்து மேல்விட்டத்தை அளந்து, அதைவிட ஒரு நூலிழை கூடுதலான உள்விட்டம் வாங்குங்கள். தளர்ந்தால் ஃபெரூல் வழுக்கிக்கொண்டு ட்ரங்கிங்குக்குள் (வயர் ஓடும் மூடிய பாதை) போய்விடும், பிறகு ஆள் வைத்துத் தேட வேண்டியதுதான். படிக்கிற திசையையும் பேனல் முழுக்க ஒன்றாக வையுங்கள்: படுத்த வயரில் இடமிருந்து வலம், நின்ற வயரில் கீழிருந்து மேல்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் டியூப்) அடித்தால் கழன்றே வராது என்கிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பேனலில் போடலாமா? – வாசகர், கரூர்

போட முடியாது. வயரைக் கழற்றி, லக்கை வெட்டிவிட்டுத்தான் ஸ்லீவைச் செருக முடியும். லக் அடிப்பதற்கு முன்பே செருக வேண்டிய சாமான் அது. ஓடுகிற பேனலுக்குச் சுற்றும் லேபிள்தான்.

புது வேலைக்கென்றால் நன்றாக இருக்கும், அளவு பார்த்து வாங்குங்கள். பிரதர் கேசட்டில் 5.8 மி.மீ. டியூப் 1.7 முதல் 3.2 மி.மீ. விட்ட வயருக்கு, 8.8 என்பது 2.6 முதல் 5.1 வரை. ஒரு கேசட்டில் இருப்பது ஒன்றரை மீட்டர்தான். சாதா டேப் 8 மீட்டர் வரும். கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். சுருக்குவதற்கு லைட்டர் வேண்டாம், ஹீட் கன் எடுங்கள்.

6-ஐ 9 என்று படித்து ஒருவர் வயரை மாற்றி முறுக்கிவிட்டார். லேபிளில் என்ன செய்யலாம்? – வாசகர், தூத்துக்குடி

6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு போடுங்கள். 66–99, 68–89 எல்லாம் இதே ரகம்தான். அதைவிட நல்ல வழி, நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து. தலைகீழாகப் பிடித்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்தை இஷ்டத்துக்கு வைக்கவும் தேவையில்லை. சப்ஸ்டேஷன் பேனல்களில் ஐஎஸ் 375 என்ற இந்தியத் தரநிலை வழி வந்த பழக்கம் ஒன்று இருக்கிறது: மீட்டரிங் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வயருக்கு ‘டி’ (D), பிடி (பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்) வோல்டேஜுக்கு ‘இ’ (E), ஏசி சப்ளைக்கு ‘எச்’, டிசி சப்ளைக்கு ‘ஜே’, பிரேக்கரை மூடும், திறக்கும் குளோசிங், ட்ரிப்பிங் சர்க்யூட்டுக்கு ‘கே’, அலாரம், இண்டிகேஷனுக்கு ‘எல்’. டிசியில் பாசிட்டிவ் பக்கம் ஒற்றைப்படை, நெகட்டிவ் பக்கம் இரட்டைப்படை. பழகியவர் ‘கே’ என்று பார்த்ததுமே டெஸ்டரை எடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார். அந்த ஒரு எழுத்துக்காகவே இந்த முறையை விடாதீர்கள்.

அபார்ட்மென்ட் டிபிக்குத் தமிழில் அடிக்க முடியுமா? – வாசகி, மதுரை

கீபோர்டு உள்ள கையடக்க மிஷின்களில் பொதுவாகத் தமிழ் எழுத்து இருப்பதில்லை. போன் செயலியிலோ கம்ப்யூட்டரிலோ இணைகிற மாடல் வாங்குங்கள். போனில் தமிழ் தெரிந்தால் லேபிளிலும் வரும். 12 மி.மீ.க்குக் குறையாத டேப்பில், ஒரே வரியாக அடியுங்கள். 6 மி.மீ.யில் அடித்தால் புள்ளி எது, சுழி எது என்று தெரியாமல் அப்பிக்கொள்ளும். “சமையலறை பிளக்”, “மோட்டார்” என்று டிபியில் தமிழில் இருந்தால் அவசரத்துக்கு வீட்டில் யார் வேண்டுமானாலும் சரியான எம்சிபியை இறக்கலாம். வயரில் மட்டும் எண்ணே இருக்கட்டும்.

மாசத்துக்குப் பத்து, இருபது வயர்தான். மிஷின் வேண்டுமா? – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். மஞ்சள் வளைய மார்க்கர் பாக்கெட் வாங்குங்கள். 1.5 ஸ்கொயர் எம்எம் வயருக்கு இசி-0 அளவு, 2.5-க்கு இசி-1, 4-க்கு இசி-2. 0 முதல் 9 வரை இலக்கம் தனித்தனியாக வரும், கோர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மொட்டைமாடி சோலார் கேபிளில் ஒட்டியது வெளுத்துப் போகிறது. – வாசகர், விருதுநகர்

கலர் டேப்பைத் தவிர்த்து, வெள்ளையில் கறுப்பு லேமினேட் டேப் எடுங்கள். அதையும் நேராகக் கேபிளில் ஒட்டாமல், வெயில் தாங்கும் டேகில் ஒட்டி கேபிள் டையால் கட்டுங்கள். வெள்ளை டையை வாங்காதீர்கள், வெயிலில் நொறுங்கும். யுவி தாங்கும் கறுப்பு டை கேளுங்கள். பெரிய பிளான்ட் என்றால் எழுத்து பொறித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் ஸ்டீல் டையும் போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் பக்கம், சோலார் பேனல் பக்கம் இரண்டு முனையிலும் ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த சோலார் பேனல் வரிசை) நம்பர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால், ஒரு ஸ்ட்ரிங் வேலை செய்யாத அன்றைக்கு மாடியெல்லாம் அலைய வேண்டியிருக்கும்.