நான்கு மணித் தேநீரும் விட்டுவிட்ட சிகரெட்டும்

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்து சிகரெட் புகைத்து வந்த நான், அதை நிறுத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. வீட்டில் அதன் நினைவே வருவதில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு அலுவலக நண்பர்களுடன் தேநீர்க் கடையில் போய் நின்றதும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. ஒன்றே ஒன்று என்று மனம் கெஞ்சுகிறது. எனக்கு மனவுறுதி போதவில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மனவுறுதியில் குறை இல்லை. புகையிலையில் அடிமைப்படுத்தும் பொருளான நிகோடின், இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, சில நாள்களில் உடலை விட்டு நீங்கிவிடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, அடங்காப் பசி போன்ற தொல்லைகளும் முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட உங்களுக்கு இப்போது எழுவது, மூளையில் பதிந்துபோன பழக்கத்தின் வேட்கை.

உள்ளிழுத்த புகையின் நிகோடின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டி, அங்கே இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. இத்தனை விரைவாகக் கிடைக்கும் இன்பத்தை, அந்த நேரத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் பட்ட எல்லாவற்றோடும் மூளை முடிச்சுப் போட்டு வைக்கிறது. பணி நாள்களை மட்டும் கணக்கிட்டாலும் நீங்கள் ஏறக்குறைய 5,000 மாலைகள் தேநீரோடு புகைத்திருப்பீர்கள். கொதிக்கும் பாலின் மணம், நண்பர் தீக்குச்சி உரசும் ஓசை, கடைத் தூணில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு ஆகிய ஒவ்வொன்றும் இன்று உங்களுக்கு அழைப்பு மணியாகிவிட்டது. வீட்டில் இவை இல்லாததால்தான் அங்கே அமைதியாக இருக்கிறீர்கள்.

எனவே ஒரு வாரத்துக்கு, வேட்கை எழும்போதெல்லாம் மணி என்ன, எங்கே, யாருடன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மேலதிகாரியின் கடுஞ்சொல், காலந்தள்ளிய மதிய உணவு என நீங்கள் எண்ணியிராத காரணங்களும் அதில் தென்படலாம். அடுத்த ஒரு மாதம் அந்தக் கடைக்குப் போகாமல் வேறிடத்தில் தேநீரோ மோரோ அருந்துங்கள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். ஆறாத புண்ணை உரசாமல் காப்பது அறிவுடைமையே. பிறகு புகைக்காத நண்பர் ஒருவருடன் அங்கே சென்று, சிகரெட் இல்லாமலே பலமுறை தேநீர் குடித்துவர, அந்த முடிச்சு மெல்லத் தளரும்.

அதையும் மீறி வேட்கை எழுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வேட்கைகள் சில நிமிடங்கள் ஏறி, நாம் இணங்காவிட்டால் தாமே இறங்கிவிடும். அதனோடு மல்லுக்கு நிற்காமல், அலை மேல் சறுக்குபவரைப் போல அது எழுந்து அடங்குவதைக் கவனிக்கும்படி அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் தம் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீரோ, ஒரு கிராம்போ, தெருக்கோடி வரை ஒரு நடையோ கடத்திவிடும்.

இன்னொன்று: சிகரெட் புகை, தேநீரிலும் காபியிலும் உள்ள ஊக்கப்பொருளான காஃபீனைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. புகையை விட்டபின் அதே அளவு தேநீரும் காபியும் உடலில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தரும். அதை வேட்கை என்று தவறாக எண்ணிவிடுவோர் உண்டு. ஆகவே ஓரிரு கோப்பைகளைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: புகையை விடுவதற்காக நிகோடின் சூயிங்கம் மென்றால் தொண்டை எரிகிறது, பயனும் தெரியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், விருதுநகர்

பதில்: மிட்டாயைப் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் எரிச்சலைத் தருமே தவிர, வேட்கையைத் தணிக்காது. காரச் சுவை தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். சுவை மங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம் தொடரலாம். மெல்லத் தொடங்குவதற்கு முந்தைய 15 நிமிடங்களில் காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; அவற்றின் புளிப்பு, வாயின் உட்தோல் நிகோடினை உறிஞ்சுவதைத் தடுக்கும். காலையில் கண் விழித்த 30 நிமிடங்களுக்குள் புகைத்துப் பழகியவருக்கு 2 மில்லிகிராம் நிகோடின் உள்ள சூயிங்கம் போதாமல் 4 மில்லிகிராம் உள்ளது தேவைப்படலாம்; இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.