பள்ளிப் பிள்ளைகள் மரத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பதால் காலநிலை ஆய்வுக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு. ஆனால் ஒருநாள் கன்று நட்டு போட்டோ போடுவது இதில் சேராது. கோபியில் எங்கள் அண்ணன் மகன் வாசலில் நிற்கும் சரக்கொன்றையை ஞாயிறுதோறும் பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று ‘சீசன்வாட்ச்’ செயலியில் பதிகிறான். “பூவே இல்லீங்க சித்தப்பா, என்னத்த எழுதறது?” என்றான் ஒரு தடவை. இல்லை என்பதும் தகவல்தான். அது இல்லாமல் எந்த வாரம் பூக்கத் தொடங்கியது என்று தெரியாது. சித்திரைப் பூ மாசியிலேயே வந்தால் வெயில், மழையின் போக்கு மாறுவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு மரத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல ஊர் மரங்கள், பல வருடம் வேண்டும். அத்தனை பேர் விஞ்ஞானிகளுக்கு எங்கே போவது? அங்கேதான் பிள்ளைகளின் குறிப்பு உதவுகிறது. அப்புறம், பறவை மேல் ஆசை என்றால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. குளத்தோரம் 15 நிமிடம் நின்று எண்ணி, பறவைகளைப் பதியும் ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்றினால் போதும்.